முன்னே பின்னே தெரியாதவர்கள்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டதால் ரயில்கள் நின்றுபோயின. அரசூரில் வெள்ளம் திருச்சி சாலையின் மேலேயே ஏறி ஓடியது.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒலக்கூர் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ் ஒன்று வந்து ஓரங்கட்டியது. “முன்னாடி போகாத, அரசூர்ல மாட்டிக்குவ” என்று டிரைவருக்குப் போன் வந்ததாம். நாற்பது பேர் இருக்கலாம். இறங்கினார்கள், சோம்பல் முறித்தார்கள், டீ சொன்னார்கள்.

முதல் அரை மணி நேரம் யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லார் கையிலும் போன். அடுத்த அரை மணியில் போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட ஆரம்பித்தன. கடையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று கடைக்காரர் முறை வைத்தார். வரிசை வந்தது, வரிசையில் பேச்சு வந்தது.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த பையனிடம் கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

“பண்ருட்டிப் பக்கம்.”

“பண்ருட்டில எங்க?”

“அங்கதான் பக்கத்துல.”

“அதான், எந்த ஊருன்னு கேக்கறேன். நமக்கு அந்தப் பக்கம் பூரா சொந்தக்காரங்க.”

பையன் ஊர்ப்பேரைச் சொன்னான். பெரியவர் விடவில்லை. “அங்க எந்தத் தெரு?”

“பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி.”

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது; கூடவே வேறு ஏதோவும் வந்தது. எத்தனை தடவை இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இருபது வயதுப் பையனுக்கு இப்படி ஒரு பதில் தயாராகக் கையில் இருக்கும்!

இதற்குள் பின்சீட்டில் வந்த அம்மா ஒருத்தர் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். புளிச்சோறு. மணம் கடை முழுக்கப் பரவியது. பஸ்ஸில் இருந்த மூன்று குழந்தைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கை வைத்தார். அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு அவருக்கும் வைத்தார். மீதியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “எல்லாருக்கும் பத்தாதுப்பா. வண்டி ஓட்டறவன் பட்டினி கெடக்கக் கூடாது” என்றார்.

அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஒரு படம் பார்த்திருந்தேன். அந்தப் படத்தின் கதையையே இந்த அம்மா ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு நடத்திக் காட்டிவிட்டாரே என்று தோன்றியது.

கக்கூஸ் கழுவியவள் கேப்டன்

படத்தின் பெயர் ‘டிரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்’. எடுத்தவர் ஸ்வீடன் நாட்டு ரூபன் ஓஸ்ட்லண்ட். 2022 கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. 2017இல் ‘தி ஸ்கொயர்’ படத்துக்காக அதே விருதை ஏற்கெனவே ஒருமுறை வாங்கியவர் அவர்.

கோடீஸ்வரர்கள் உல்லாசக் கப்பலில் போகிறார்கள். உரம் விற்றுப் பணம் சேர்த்த ரஷ்யர் ஒருவர். பார்க்கச் சாதுவாகத் தெரியும் வயதான ஆங்கிலேயத் தம்பதி; அவர்கள் தொழில் கையெறி குண்டு தயாரிப்பது. ஓசிப் பயணத்தில் வந்த மாடல் அழகியும் அவள் காதலனும். கப்பலைக் கொள்ளைக்காரர்கள் தாக்குகிறார்கள். தளத்தில் வந்து விழும் குண்டை அந்த அம்மாள் கையில் எடுத்துப் பார்க்கிறாள். அது அவர்கள் கம்பெனிச் சரக்கு. கப்பல் போய்விடுகிறது. உயிர் பிழைத்த ஏழெட்டுப் பேர் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி அபிகேல். பிலிப்பைன்ஸ்காரி, கப்பலில் கழிவறை கழுவும் பிரிவில் இருந்தவள். டாலி டி லியோன் நடித்திருக்கிறார். அதுவரை படத்தில் அவளை நாம் கவனித்தே இருக்க மாட்டோம். தீவில் அவளுக்கு மட்டும்தான் கையால் ஆக்டோபஸ் பிடிக்கத் தெரியும், அடுப்பு மூட்டத் தெரியும், சமைக்கத் தெரியும். பிடித்ததைச் சுட்டுப் பங்கு போடும்போது ஒரு துண்டு அடுத்தவருக்கு, ஒரு துண்டு தனக்கு என்று வைத்துக்கொண்டே போகிறாள். ஏன் உனக்கு இவ்வளவு என்று கேட்டால், பிடித்தது நான், மூட்டியது நான், சமைத்தது நான் என்கிறாள். கப்பலில் நான் கக்கூஸ் கழுவுபவள், இங்கே கேப்டன் என்கிறாள். கேப்டன் என்று வாயால் சொன்னால்தான் அடுத்த துண்டு. ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள்.

கேப்டன் ஆன பிறகு அவள் என்னவெல்லாம் செய்கிறாள் என்பது இன்னும் கசப்பான கதை. மேலே இருந்தவர்கள் செய்த அதே காரியங்களைத்தான் அவளும் செய்கிறாள். கடைசியில் தெரியவருவது இன்னொன்று: அது ஆளில்லாத தீவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் சொகுசு விடுதி இருக்கிறது, பாறைக்கு நடுவே லிஃப்ட் கதவு இருக்கிறது. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். படம் அதைத் தாண்டியும் இருக்கிறது.)

இந்த வகைப் படங்களுக்கு மேற்கே நீண்ட வரிசை உண்டு. தாத்தா, 1719இல் வந்த ராபின்சன் குரூசோ கதை. அதில் தனி ஆளாகத் தவித்த குரூசோவுக்கு ஒரு துணை கிடைக்கிறான். குரூசோ அவன் பெயரைக் கேட்கவில்லை. கிழமைப் பெயர் ஒன்றை வைத்துவிட்டு, தன்னை எசமான் என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். 1944இல் ஹிட்ச்காக் ‘லைஃப்போட்’ எடுத்தார். தீவுகூட இல்லை, ஒரே ஒரு படகு. 2000இல் வந்த ‘காஸ்ட் அவே’யில் டாம் ஹாங்க்ஸ் பேச ஆளில்லாமல் ஒரு வாலிபால் பந்துக்கு முகம் வரைந்து பேசிக்கொண்டிருந்தார். நம் பாண்டிச்சேரிப் பையன் பையும் இந்த வரிசையில் உண்டு. 2012இல் ஆங் லீ எடுத்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் அவனுக்குத் துணை ஒரு வங்கப் புலி. நடுவில் வருவது ஆளை விழுங்கும் மிதக்கும் தீவு. பாண்டியில் அந்தப் படப்பிடிப்பு நடந்தபோது இங்கிருந்து பஸ் பிடித்துப் போய் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு.

தமிழில் இப்படி ஒரு படம் ஏன் இல்லை?

தீவு இருக்கிறது, தனிமை இல்லை

தீவு இல்லாமல் இல்லை. ‘தினத்தந்தி’யில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ சித்திரக்கதை எத்தனை தலைமுறைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது! முடியாத விஷயம் எதைப் பார்த்தாலும் “கன்னித்தீவு மாதிரி போகுதுப்பா” என்று சொல்லும் ஊர் இது. 1965இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திலும் கன்னித்தீவுதான். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படம். ‘கேப்டன் பிளட்’ என்ற ஆங்கிலக் கதையின் சாயலில், நாடு கடத்தப்பட்ட வைத்தியன் மணிமாறனும் அவன் கூட்டாளிகளும் அந்தத் தீவில் அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். எங்கள் பக்கத்துக் கொட்டாய்களில் அந்தப் படம் வரும்போதெல்லாம் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவன் நான். கப்பல் சண்டை ஞாபகம் இருக்கிறது, நாகேஷ் ஞாபகம் இருக்கிறார். தீவில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது ஞாபகத்தில் இல்லை. படத்துக்கும் அது கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை. அந்தத் தீவில் இளவரசி இருக்கிறாள், சந்தை இருக்கிறது, எசமான் இருக்கிறான். மொத்தத்தில் இன்னொரு நாடு.

2010இல் அதே தலைப்பில் செல்வராகவன் எடுத்த படம் இன்னும் வேடிக்கை. கடல், காடு, பாலைவனம், பொறிகள் எல்லாம் தாண்டி ஆளில்லா இடத்துக்குப் போனால் அங்கே சோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வியட்நாம் பக்கம் போனாலும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான்! படத்தைக் குறை சொல்லவில்லை. அதன் முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும். ஆனால் தமிழ்க் கற்பனை தீவுக்குப் போனால் அங்கேயும் உறவுமுறை தேடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முன்னே பின்னே தெரியாதவர்களை ஒன்றாக அடைத்துப்போட நம் சினிமா தேர்ந்தெடுத்தது தீவை அல்ல, பஸ்ஸை. 1966இல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’. திருமலை - மகாலிங்கம் இயக்கம், ரவிச்சந்திரன் கதாநாயகன், நாகேஷ் கண்டக்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லாத காலம். பாண்டிக்குப் போகிற பஸ் திண்டிவனம் வழியாகத்தான் போகும். அப்படியென்றால் அந்தப் பஸ் எங்கள் ஒலக்கூர் பிரிவைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும் என்று நாங்கள் சின்ன வயதில் கணக்குப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வோம். அது நன்றாக ஓடி, 1972இல் இந்தியில் ‘பாம்பே டு கோவா’ ஆனது. நம் ஆட்கள் ஒரு பஸ்ஸுக்குள் போனால் அங்கே ஒரு நாடே இருக்கும்: பக்திமான், சாப்பாட்டுராமன், சண்டைக்காரன், காதலர்கள். கண்டக்டரைத் தவிர யாருக்கும் அதிகாரம் இல்லை. அவருக்கும் விசில் மட்டும்தான்.

கொஞ்சம் கிட்டே வந்தது ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்தது. கமல்ஹாசன் கதை, மதன் வசனம், சுந்தர்.சி இயக்கம். ஒடிசாவில் மழை வெள்ளம், புவனேஸ்வர் விமான நிலையத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் தழும்பு முகத்துத் தொழிற்சங்கக்காரர் நல்லசிவம். இன்னொருவர் விளம்பரப்பட இயக்குநர் அன்பரசு. தன் பெயரை ஏ.அரஸ் என்று நறுக்கி வைத்துக்கொண்டவர். தியேட்டரில் ஓடவில்லை, டி.வி.யில் ஓடி ஓடித்தான் பேர் வாங்கியது. அதில் அந்தப் பெயர் நறுக்கும் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரை மறைத்தால்தான் நம் ஊரில் ஒருவன் அந்நியனாகவே இருக்க முடியும்.

டீக்கடையில் பார்த்தது அதைத்தான். மேற்கத்தியப் படத்தில் தீவில் ஒதுங்குகிறவர்கள் முதலில் கேட்பது ‘உனக்கு என்ன தெரியும்?’ நம் ஆள் முதலில் கேட்பது ‘உனக்கு எந்த ஊரு?’ அடுத்தது ‘எந்தத் தெரு?’ இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் எதிரே இருப்பவன் மாமனா, பங்காளியா, ஊரா, காலனியா என்பது முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அவன் முன்னே பின்னே தெரியாதவன் இல்லை. அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா கூடாதா என்பதும் தெரிந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் யார் போவது என்ற தகராறில் 2023 ஜூனில் அந்தக் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

‘ஜெய் பீம்’ படத்தின் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்தி, நீ என்ன ஆள் என்று கேட்டுக் கேட்டுப் பிரிக்கிறார்கள். எந்தத் தெரு என்ற கேள்விக்கு மீசை வைத்துக் காக்கி போட்டால் அதுதான்.

பாத்திரம் நிறையச் சோறு, உண்ண ஆளில்லை

சினிமாவை விட்டுவிட்டுப் பின்னால் போனால் விஷயம் மாறுகிறது. ஆளில்லாத் தீவில் ஒருவன் விடப்படுகிற கதையை, குரூசோவுக்குப் பல நூற்றாண்டு முன்பே சீத்தலைச் சாத்தனார் எழுதிவிட்டார். 1898இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த மணிமேகலையில் அது இருக்கிறது.

ஆபுத்திரன் பிறந்ததுமே கைவிடப்பட்ட குழந்தை. பசு பால் கொடுத்துக் காத்தது, அதனால்தான் அந்தப் பெயர். எடுத்து வளர்த்தது ஓர் அந்தணக் குடும்பம். வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டான் என்று அடித்தார்கள். பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். ஊரை விட்டுத் துரத்தினார்கள். உங்கள் முனிவர்கள் பிறந்த கதை தெரியாதா என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போனவன் அவன். எந்தத் தெரு என்று கேட்டால் சொல்லத் தெரு இல்லாதவன்.

மதுரையில் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர் என்று ஆதரவில்லாதவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்துவிட்டு, மிச்சத்தைத் தான் உண்டு, திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குவான். அங்கேதான் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். பிறகு நாட்டில் மழை பெய்து வளம் கூடிவிட, சோறு வாங்க ஆள் வரவில்லை. வீடு வீடாகப் போய்ப் பசித்தவர் உண்டா என்று கேட்டவனை ஊர் கேலி செய்கிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத் தீவில் தங்குகிறது. இவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமி ராத்திரியே பாய் விரித்துப் போய்விடுகிறான்.

இனிமேல்தான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். குரூசோவுக்கும் டாம் ஹாங்க்ஸுக்கும் பிரச்சினை சோறு. ஆபுத்திரன் கையில் உலகத்துக்கே போடுகிற சோறு இருக்கிறது. சாகும்வரை உட்கார்ந்து சாப்பிடலாம். அவனுடைய பிரச்சினை, போட ஆளில்லை. தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ள இந்தப் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான். ஆள் விடுபட்டதைப் பிறகு அறிந்து திரும்பி வந்த ஒன்பது செட்டிகளும் அவன் பக்கத்திலேயே உண்ணாமல் இருந்து செத்தார்கள் என்கிறது காப்பியம். மறுபிறவியில் சாவக நாட்டு அரசனாக வந்து, மணலைத் தோண்டித் தன் எலும்பைத் தானே பார்க்கிறான். இதை எந்த இயக்குநர் படமாக எடுத்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே இருக்கும் நயினாதீவுதான் மணிபல்லவம் என்று சொல்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். அதே காப்பியத்தில் இன்னொரு தீவுக் கதையும் இருக்கிறது. கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனைத் தின்னப் பார்க்கிறார்கள். அவர்கள் பாஷையில் அவன் பேசியதால் பிழைக்கிறான். அந்தச் சாதுவனின் மனைவி ஆதிரை கையால்தான் அமுதசுரபியில் முதல் பிச்சை விழுகிறது.

எண்ணூறு பேர், இரண்டு நாள்

கதை போதும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் மட்டும் ஊஞ்சல் மாதிரி அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டி அங்கே போகாமல் நிறுத்தப்பட்டதால்தான் பயணிகள் உயிரோடு வந்தார்கள்.

வண்டியில் சுமார் 800 பேர். முந்நூறு பேர் வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் சாலை அறுந்தது. மீதி ஐந்நூறு பேர் நிலையத்தில். நாலு பக்கமும் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு ரயில் நிலையம் தீவாகிவிட்டது. முருகன் கோயிலுக்குப் போய் வந்தவர்கள், குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணி ஒருவர்.

அங்கே அமுதசுரபி வந்தது புதுக்குடி கிராமத்திலிருந்து. அந்த ஊர்க்காரர்கள் வீடும் வெள்ளத்தில்தான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். கடைகளும் மூடிக்கிடந்த நேரம். ஹெலிகாப்டரில் பொட்டலம் விழுந்ததும், மீட்புப் படை வந்ததும் அப்புறம். 19ஆம் தேதி எல்லாரையும் மீட்டு வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய், தனி ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

எண்ணூறு பேருக்கு ஊர் கேட்டு, தெரு கேட்டு இலை போட முடியாது. பசியின் அளவு அந்தக் கேள்வியை அடித்துக்கொண்டு போய்விடும், ஜல்லியைப் போல. தண்ணீர் வடிந்தால் ஜல்லியைத் திரும்பக் கொட்டிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

நிஜத் தீவும் நமக்கு உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பன் பாலத்தின் 126 கண்கள் அடித்துக்கொண்டு போக, ராமேஸ்வரம் முழுவதும் துண்டாகிப்போனது. அப்போது சாலைப் பாலம் கிடையாது. தீவில் மாட்டிக்கொண்டவர்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இருந்தார்கள். தமிழகத்தின் பெரிய நட்சத்திரங்கள் இருவர், யாத்ரீகர்களோடும் மீனவர்களோடும் ஒரே தீவில். இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள் என்று பாலத்தின் கதையைச் சொல்கிறோம். அந்தத் தீவின் கதையை ஒருவரும் படமாக எடுக்கவில்லை.

எங்கள் ஊர் அபிகேல்

சரி, ஒலக்கூர் டீக்கடையில் நின்ற பஸ் நிஜமாகவே ஒரு தீவில் ஒதுங்கியிருந்தால் யார் கேப்டன்? வேட்டிப் பெரியவர் தானே என்று நினைத்திருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை: திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் பெண் ஒருத்தி அந்தப் பஸ்ஸில் இருந்திருந்தால் அவள்தான்.

அறுவடை முடிந்த வயலில் இருளர்கள் எலி பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வளைக்கு வெளியே கிடக்கும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால் எலி உள்ளே. எத்தனை வாசல் என்று எண்ணி, ஒன்றைத் தவிர மற்றதை மிதித்து அடைப்பார்கள். அடியில் ஓட்டை போட்ட பானைக்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, வாயை வளையோடு சேர்த்துப் பிடித்து, ஓட்டையில் ஊதுவார்கள். ஊதுவது பெரும்பாலும் பெண்கள்; புகையில் பாதி அவர்கள் நெஞ்சுக்குள் போகும். எலி கிடைத்த பிறகும் வேலை முடியாது. வளையைத் தோண்டினால் அடியில் எலி சேர்த்து வைத்த நெல் இருக்கும். அதைப் புடைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றுமில்லாத தரையிலிருந்து கறியும் சோறும். ஓஸ்ட்லண்டின் அபிகேலுக்கு ஆக்டோபஸ் மட்டும்தான் தெரியும்.

மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்துக்கு விஷம் அங்கிருந்து போகிறது. அந்த மரபில் வந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளை உள்ளூர் நிபுணர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் போன முதல் எட்டு நாளில் 13 பாம்பைப் பிடித்தார்கள். முன்னே பின்னே தெரியாத சதுப்புக் காடு, பாஷை தெரியாத ஊர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் இருக்கும் அவர்கள் குடிசைதான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் அவர்களில் நிறைய. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்து இருளர்கள் மேல் போட்ட பொய் வழக்குகள் பாதி வெளியிலேயே வந்திருக்காது.

அதனால் தமிழில் அந்தப் படத்துக்கு நடுக்கடலில் கப்பல் கவிழ வேண்டியதில்லை, தீவு பிடிக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற ஒரு பஸ்ஸோ ரயிலோ போதும். ஊர் கேட்கும் பெரியவர், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் குடியிருக்கும் பையன், புளிச்சோற்று அம்மா, மூன்றாம் நாள் பசியில் வயலில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்க்கும் இருளர் பெண். அவள் சுட்டுக் கொண்டுவந்து வைப்பதை யார் முதலில் எடுப்பது என்பதுதான் இடைவேளை. இரண்டாம் பாதியில் தண்ணீர் வடிய ஆரம்பிக்கும்; எல்லாரும் பழையபடி தெருக்களுக்குத் திரும்ப வேண்டும். அதை எழுதுவதுதான் கஷ்டம்.

எடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருளர் பெண் வேடத்துக்கு முகத்தில் கரி பூசிய நடிகையைக் கொண்டுவராதீர்கள். இந்தப் பக்கம் வந்து, அவர்களில் ஒருவரையே கேளுங்கள், சம்பளத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கதை எழுதுவதற்கு முன்னால் ஒரு தை மாதத்தில், அறுவடை வயலில், ஒரு நாள் அவர்களோடு நில்லுங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் தினமும் காலையில் எங்களைத் தாண்டித்தான் போகிறது, ஒலக்கூரில் நிற்காது. விழுப்புரம் பாசஞ்சர் நிற்கும்.